பட்டியல்களும் பொதுநினைவும்: 1984 தில்லி வன்முறையை முன்வைத்து

முன்னுரை

கலவரங்களின் வரலாறு பெரும்பாலும் எண்களைக் கொண்டே எழுதப்படுகிறது. இத்தனை பேர் இறந்தனர், இத்தனை வீடுகள் எரிந்தன, இத்தனை பேர் கைதாயினர் என்னும் கணக்கே அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் முதலிடம் பெறுகிறது. அவ்வெண்களுக்கு அடிப்படையாக அமைபவை பெயர்ப் பட்டியல்கள். ஒரு பட்டியலைத் தொகுத்தவர் யார், எந்நோக்கில் தொகுத்தார், அதில் யாருடைய பெயர் இடம்பெற்றது, யாருடைய பெயர் விடுபட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போது, எண்கள் மறைக்கின்ற வரலாறு புலப்படத் தொடங்குகிறது.

1984ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் தில்லியில் சீக்கியர்கள்மீது நிகழ்ந்த வன்முறை இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற களமாகும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிகழ்வு பற்றிய ஆவணங்கள் உருவாகிக்கொண்டே வந்துள்ளன. விசாரணை ஆணையங்கள், குழுக்கள், குடிமக்கள் அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நினைவிடங்கள் எனப் பல தளங்களில் அவை விரிந்து கிடக்கின்றன. இவை அனைத்தினூடும் பட்டியல் என்னும் ஆவண வடிவம் இழையோடுகிறது. ஆட்களை அடையாளம் காணப் பயன்பட்ட பட்டியல், இறந்தோரை எண்ணிய பட்டியல், இறந்தோரை நினைவில் நிறுத்தும் பட்டியல் என அவற்றை மூவகைப்படுத்தலாம். பொதுநினைவு என்பது தானாக நிலைபெறுவதன்று. பெயர்களைப் பதிவு செய்தவர்களின் உழைப்பால் நிலைபெறுவது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிகழ்வின் பின்புலம்

1984 ஜூன் மாதத்தில் அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்தில் இந்திய இராணுவம் மேற்கொண்ட நடவடிக்கை, சீக்கியர்களிடையே ஆழ்ந்த மனக்காயத்தை ஏற்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக, அக்டோபர் 31 அன்று காலை, பிரதமர் இந்திரா காந்தி சப்தர்ஜங் சாலையில் இருந்த தம் இல்லத்தில் மெய்க்காப்பாளர்கள் இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விருவரும் சீக்கியர்கள். அன்று மாலையே அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையைச் சுற்றியுள்ள பகுதிகளில் சீக்கியர்கள் தாக்கப்பட்டனர். மருத்துவமனைக்கு வந்த குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வாகன அணியும் கல்வீச்சுக்கு உள்ளாயிற்று.

நவம்பர் 1 முதல் 3 வரை வன்முறை நகரெங்கும் பரவியது. மிகக் கொடிய கொலைகள் நிகழ்ந்த இடங்கள் யமுனைக்குக் கிழக்கே திரிலோக்புரி, கல்யாண்புரி ஆகியவையும், மேற்கிலும் வடமேற்கிலும் மங்கோல்புரி, சுல்தான்புரி, நாங்லோய் ஆகியவையும், தென்மேற்கில் பாலம் பகுதியும் ஆகும். இவற்றுள் திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி முதலானவை, நெருக்கடி நிலைக் காலத்தில் நகரின் குடிசைப் பகுதிகள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்தோர் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மறுகுடியேற்றப் பகுதிகள். ஆகவே கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் நகரின் செல்வ வளம் மிக்க சீக்கியர் அல்லர். தச்சு வேலை செய்தோர், கயிற்றுக் கட்டில் பின்னுவோர், ஆட்டோ ஓட்டுவோர் போன்ற எளிய உழைப்பாளிகளே ஆவர். திரிலோக்புரியின் 32ஆம் தொகுதியில் நடந்தவற்றை, நவம்பர் 2 அன்று நேரில் சென்று கண்ட இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர்கள் ராகுல் பேடியும் ஜோசப் மாலியாக்கனும் வெளியுலகுக்குத் தெரிவித்தனர்.

தாக்குதல்களில் ஒரு பொது முறைமை காணப்பட்டது. முதலில் குருத்வாராக்கள் தாக்கப்பட்டன. பின்னர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதன்பின் ஆண்கள் வெளியே இழுக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டனர். குடிநீரில் நஞ்சு கலக்கப்பட்டது, பஞ்சாபிலிருந்து வரும் தொடர்வண்டிகளில் இந்துக்களின் சடலங்கள் வருகின்றன என்னும் வதந்திகள் பரப்பப்பட்டன. இராணுவம் அழைக்கப்பட்டும் அது பயனுள்ள வகையில் செயல்படுவதற்குள் மூன்று நாள்கள் கழிந்தன.

கலவரம் என்னும் சொல்

பட்டியல்களை ஆராய்வதற்குமுன் நிகழ்வைக் குறிக்கும் சொல்லைப் பற்றிச் சிறிது எண்ணுதல் வேண்டும். தமிழில் 'கலவரம்' என்னும் சொல் மனக்கலக்கத்தையும் கூட்டத்தின் குழப்பத்தையும் ஒருங்கே குறிக்கும். இரு தரப்பார் மோதிக்கொள்வதையும், ஒரு தரப்பார் மற்றொரு தரப்பாரைத் தாக்குவதையும் அச்சொல் வேறுபடுத்துவதில்லை. எனவே தாக்கியவரும் தாக்குண்டவரும் அச்சொல்லுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். இந்தியில் வழங்கும் 'தங்கா' என்னும் சொல்லுக்கும் இக்குறை உண்டு.

அரசு ஆவணங்களிலேயே இச்சொற்சிக்கல் வெளிப்படுகிறது. 1985இல் அமைக்கப்பட்ட நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் பணி, தில்லியில் நடந்த 'ஒழுங்கமைக்கப்பட்ட வன்முறை' குறித்த குற்றச்சாட்டுகளை ஆராய்வதாக வரையறுக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2000இல் அமைக்கப்பட்ட நீதிபதி நானாவதி ஆணையத்தின் பெயரிலோ 'சீக்கியர் எதிர்ப்புக் கலவரங்கள்' என்னும் தொடர் இடம்பெற்றது. சீக்கிய மரபில் பெருங்கொலை நிகழ்வுகளைக் குறிக்கக் 'கல்லுகாரா' என்னும் சொல் உண்டு. 1746, 1762 ஆகிய ஆண்டுகளின் படுகொலைகள் முறையே சிறிய, பெரிய கல்லுகாராக்களாக நினைவுகூரப்படுகின்றன. 2010இல் அகால் தக்த், 1984 நவம்பர் நிகழ்வை இனப்படுகொலை என அழைக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒரு நிகழ்வை எப்பெயரால் அழைப்பது என்பதில் இத்துணைப் பூசல் நிலவுவதால், இக்கட்டுரையில் 'வன்முறை', 'படுகொலை' ஆகிய சொற்களே ஆளப்படுகின்றன.

அடையாளம் காட்டிய பட்டியல்

தாக்க வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்களும் நியாயவிலைக் கடைப் பதிவுகளும் இருந்தன என்று உயிர் பிழைத்தோர் பலர் குடிமக்கள் குழுக்களிடமும் ஆணையங்களிடமும் கூறினர். மக்களாட்சியின் அடிப்படை ஆவணமாகிய வாக்காளர் பட்டியல், ஒருவரைத் தேடிக் கொல்வதற்கான வழிகாட்டியாக மாறியமை இந்நிகழ்வின் கொடிய முரணாகும்.

இவ்விடத்து ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். 'சிங்' என்னும் பெயரீறு சீக்கியர்க்கு மட்டும் உரியதன்று. வடஇந்தியாவில் இராஜபுத்திரர், ஜாட் முதலிய பல சமூகத்தாரும் அதனைச் சூடுகின்றனர். எனவே வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருப்பதனால் மட்டும் ஒரு வீடு சீக்கியருடையது என்று வெளியாள் ஒருவன் அறிந்துவிட இயலாது. அப்பட்டியலை அத்தெருவை அறிந்த ஒருவர் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அவ்வகையில், பட்டியல் பற்றிய சாட்சியங்கள் இரண்டு செய்திகளை உணர்த்துகின்றன. ஒன்று, ஆவணத்தைப் பெற்றுத் தரவல்ல செல்வாக்குடையோர் பின்னணியில் இருந்தனர் என்பது. மற்றொன்று, உள்ளூர் அறிவு உடையோர் அதற்குத் துணைநின்றனர் என்பது. துயரத்தால் மக்கள் தன்னெழுச்சியாகக் கொதித்தெழுந்தனர் என்னும் விளக்கத்தை இவ்விரண்டும் வலுவிழக்கச் செய்கின்றன.

தமிழ் வாசகர்க்கு இச்செய்தி புதிதன்று. தில்லி நிகழ்வுக்கு ஏறத்தாழப் பதினைந்து திங்கள் முன்னர், 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையிலும் வாக்காளர் பட்டியல்களைக் கொண்டு தமிழர் வீடுகளும் கடைகளும் அடையாளம் காணப்பட்டதாகச் சாட்சியங்கள் உள்ளன. அங்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்ட ஒரு நிகழ்வுக்குப் பழிதீர்ப்பதாகவே வன்முறை விளக்கப்பட்டது. ஒரு சிலரின் செயலுக்கு ஒரு சமூகம் முழுவதும் பொறுப்பாக்கப்படுதல், அச்சமூகத்தார் குடியிருக்கும் இடங்கள் ஆவணங்களின் துணையுடன் கண்டறியப்படுதல், காவல்துறை செயலற்றுப் போதல் ஆகிய மூன்றும் இரு நகரங்களுக்கும் பொதுவானவை.

குடிமக்கள் தொகுத்த பட்டியல்

வன்முறை ஓய்ந்த சில நாள்களிலேயே தில்லியின் ஆசிரியர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள், பெண்கள் அமைப்பினர் ஆகியோர் நிவாரண முகாம்களில் பணியாற்றத் தொடங்கினர். 'நாகரிக் ஏக்தா மஞ்ச்' என்னும் பெயரில் ஒரு குடிமக்கள் அமைப்பு உருவாயிற்று. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மக்கள் சனநாயக உரிமைகளுக்கான ஒன்றியமும் இணைந்து, அந்நவம்பர் மாதத்திலேயே 'குற்றவாளிகள் யார்?' என்னும் பொருளுடைய தலைப்பில் ஓர் அறிக்கையை வெளியிட்டன. உயிர் பிழைத்தோர் குறிப்பிட்ட அரசியல்வாதிகள், காவல்துறையினர் ஆகியோரின் பெயர்கள் அதில் பட்டியலிடப்பட்டன. 1985 ஜனவரியில், உச்சநீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரி தலைமையிலான குடிமக்கள் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது.

இவ்வறிக்கைகளின் சிறப்பு, அவை வெளியான காலத்தைப் பொறுத்ததாகும். அரசு ஆணையம் எதுவும் அமைக்கப்படாத நிலையில், சாட்சிகளின் நினைவு மங்குவதற்கு முன்பே, பெயர்களும் இடங்களும் நாள்களும் அவற்றில் பதிவாயின. நவம்பர் 19 அன்று புதிய பிரதமர் ராஜீவ் காந்தி போட் கிளப் திடலில் ஆற்றிய உரையில், பெருமரம் வீழும்போது நிலம் அதிர்வது இயல்பு என்னும் பொருள்படப் பேசினார். அந்த உவமையில் மரத்திற்குப் பெயர் இருந்தது. அதிர்ச்சியில் மடிந்தோர்க்குப் பெயர் இல்லை. குடிமக்கள் அறிக்கைகள் அப்பெயர்களையே முன்வைத்தன. இவ்வுரையையும் இவ்வறிக்கைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, 1984இன் பொதுநினைவு தொடக்கத்திலேயே இரண்டாகப் பிளவுபட்டமை தெளிவாகும்.

எனினும் இப்பட்டியல்களிலும் இடைவெளிகள் உண்டு. பெண்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறை மிகக் குறைவாகவே பதிவாயிற்று. கணவனையும் மகனையும் இழந்த பெண் அவர்தம் மரணத்திற்குச் சாட்சியாகப் பதிவு பெற்றாள். தன்மீது இழைக்கப்பட்ட கொடுமைக்குச் சாட்சியாக அவள் பதிவு பெறுவது அரிதாயிற்று. அதுபோலவே, சீக்கியர்களைத் தம் இல்லங்களில் ஒளித்துக் காத்த இந்து, முஸ்லிம் அண்டை வீட்டார் பற்றிய குறிப்புகள் சாட்சியங்களில் சிதறிக் கிடக்கின்றனவேயன்றி, முறையாகத் தொகுக்கப்படவில்லை. கொன்றவரின் பெயரும் இறந்தவரின் பெயரும் வரலாற்றுக்குத் தேவைப்படுவது போலவே காத்தவரின் பெயரும் தேவை.

அரசின் எண்ணிக்கை

அரசு தரப்பில் உருவான ஆவணங்களுள் முதன்மையானது காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையாகும். தில்லியில் பதிவான 587 முதல் தகவல் அறிக்கைகளில் ஏறத்தாழ 240 வழக்குகள் துப்புத் துலங்கவில்லை என்று மூடப்பட்டன. இவ்வெண்ணிக்கையைக் காட்டிலும் கருதத்தக்கது, அறிக்கைகள் எழுதப்பட்ட முறையாகும். ஒரு காவல்நிலையத்தின் எல்லைக்குள் பல இடங்களில், பல வேளைகளில், பலரால் நிகழ்த்தப்பட்ட கொலைகள் ஒரே அறிக்கையில் பொதுப்படச் சேர்க்கப்பட்டன. உச்சநீதிமன்றம் 2018இல் அமைத்த நீதிபதி எஸ்.என். திங்ரா தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு, முன்னர் மூடப்பட்ட 186 வழக்குகளை ஆராய்ந்தது. 2020இல் வெளிவந்த அதன் அறிக்கை இம்முறையின் விளைவை எடுத்துக்காட்டியது. கல்யாண்புரி வழக்கு ஒன்றில் 56 பேரின் கொலை ஒரே குற்றப்பத்திரிகையில் அடக்கப்பட்டது. ஐந்து பேரின் கொலைக்கு மட்டுமே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. சுல்தான்புரியின் ஒரே முதல் தகவல் அறிக்கையில் 498 நிகழ்வுகள் ஒன்றுசேர்க்கப்பட்டிருந்தன.

இங்குப் பட்டியல் எதிர்மறையான ஒரு பணியைச் செய்கிறது. தனித்தனியே எழுதப்பட வேண்டிய பெயர்களை ஒரு தொகுப்புக்குள் அடக்குவதன் வாயிலாக, அது மறதிக்குத் துணைபோகிறது. தனி வழக்கு இல்லாத கொலைக்குத் தனிச் சாட்சி இல்லை. தனிச் சாட்சி இல்லாத கொலைக்குத் தண்டனையும் இல்லை.

ஆணையங்களின் வரலாறும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. 1984 நவம்பரில் காவல்துறை அதிகாரி வேத் மார்வா தொடங்கிய விசாரணை இடையிலேயே நிறுத்தப்பட்டது. மிஸ்ரா ஆணையம் தன் விசாரணையை மூடிய அரங்கில் நடத்தியது. பாதிக்கப்பட்டோர் சார்பில் முன்னின்ற குடிமக்கள் நீதிக் குழு, 1986இல் அவ்விசாரணையிலிருந்து விலகிக்கொண்டது. கட்சி என்னும் நிலையில் காங்கிரஸுக்குத் தொடர்பில்லை என்று முடிவு கூறிய அவ்வாணையம், இறந்தோர் எண்ணிக்கையை உறுதி செய்யும் பணியை வேறொரு குழுவுக்கு விட்டது. அதன்படி அமைந்த ஆஹுஜா குழு, 1987இல் தில்லியில் இறந்தோர் 2,733 பேர் என்று அறிவித்தது. இன்றுவரை ஆவணங்களில் எடுத்தாளப்படும் அதிகாரப்பூர்வ எண் இதுவே. குடிமக்கள் அமைப்புகள் கூறும் எண் இதனினும் மிகுதியாகும். உடல்கள் எரிக்கப்பட்டமையாலும், குடும்பம் முழுவதும் அழிந்த வீடுகளில் முறையிட எவரும் எஞ்சாமையாலும் இவ்வேறுபாடு எளிதில் தீரக்கூடியதன்று.

எண்ணிக்கைக்கு வேறொரு பயனும் இருந்தது. இழப்பீடு பெறுவதற்கு இறந்தவரின் பெயர் அரசுப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஓர் உயிருக்கு 10,000 ரூபாயாகவும் பின்னர் 20,000 ரூபாயாகவும் இருந்த தொகை, கணவனை இழந்த பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 1996இல் தில்லி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 3.5 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. எனவே கைம்பெண்களுக்கு அரசுப் பட்டியல் என்பது வெறும் காகிதமன்று. தம் கணவர் வாழ்ந்தார், இன்ன நாளில் கொல்லப்பட்டார் என்பதற்கான ஒரே அரசுச் சான்றாக அது விளங்கியது.

நானாவதி ஆணையத்தின் அறிக்கை 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன்மீதான விவாதத்தில் பிரதமர் மன்மோகன் சிங், தாம் நாணித் தலைகுனிவதாகக் கூறிச் சீக்கியர்களிடமும் நாட்டு மக்களிடமும் மன்னிப்புக் கோரினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்க 1983 நிகழ்வுக்காக மன்னிப்புக் கோரியிருந்தார். இவ்விரு மன்னிப்புகளும் நிகழ்வு நடந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தன என்பதும், அவற்றால் மட்டும் எவரும் தண்டனை பெறவில்லை என்பதும் ஒப்புநோக்கத்தக்கன.

நினைவிடங்களும் பெயர் பொறித்தலும்

தில்லி நினைவிடங்களால் நிறைந்த நகரம். இந்திரா காந்தி வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. அவர் இறுதியாக நடந்த பாதை கண்ணாடியால் மூடிப் பாதுகாக்கப்படுகிறது. அவர் அணிந்திருந்த குருதி படிந்த சேலை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. யமுனைக் கரையில் அவர் எரியூட்டப்பட்ட இடம் 'சக்தி ஸ்தல்' என்னும் பெயரில் பேணப்படுகிறது. கொலையுண்ட பிரதமர் ஒருவரை ஒரு நாடு இவ்வாறு நினைவுகூர்தல் முறையே. ஆயின் அதே வாரத்தில் அதே நகரில் மடிந்த 2,733 பேருக்கு அரசு அத்தகைய நினைவிடம் எதனையும் அப்போது எழுப்பவில்லை.

அவர்களுக்கான நினைவிடங்கள் சமூகத்தாராலேயே அமைக்கப்பட்டன. கணவரை இழந்த பெண்களின் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட மேற்குத் தில்லியின் திலக் விஹார், 'கைம்பெண்கள் குடியிருப்பு' என்றே வழங்கப்பட்டது. அங்குள்ள குருத்வாராவில் இறந்தோரின் ஒளிப்படங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. குடும்ப நிழற்படங்களிலிருந்தும் அடையாள அட்டைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட அவ்வுருவங்கள், பட்டியலின் மற்றொரு வடிவமேயாகும்.

நாடாளுமன்றத்திற்கு அருகில் உள்ள ரகாப் கஞ்ச் குருத்வாரா வளாகத்தில், 2017 ஜனவரியில், 'உண்மையின் சுவர்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. தில்லி சீக்கிய குருத்வாரா மேலாண்மைக் குழு எழுப்பிய இச்சுவரில் கொல்லப்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்விடத்தின் தேர்வு கருதத்தக்கது. 1675இல் தில்லியில் தலை துணிக்கப்பட்ட ஒன்பதாம் குரு தேக் பகதூரின் உடல் எரியூட்டப்பட்ட இடம் அது. 1984 நவம்பர் 1 அன்று அந்தக் குருத்வாராவே தாக்குதலுக்கு உள்ளானது. முகலாயர் காலத்து நினைவின்மேல் தற்கால நினைவு அடுக்கப்பட்டு, நாட்டின் சட்டமன்றத்தை நோக்கிய ஒரு சான்றாக அச்சுவர் நிற்கிறது.

இறந்தோர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் தமிழர்க்கு மிகத் தொன்மையானது. நடுகல் எடுப்பதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது; வீழ்ந்த வீரனின் பெயரும் சிறப்பும் கல்லில் எழுதப்பட்டமையைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. எனினும் நடுகல்லுக்கும் இச்சுவருக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. நடுகல் போரிட்டு மடிந்தவனின் மறத்தைப் போற்றுவது. வழிபாட்டில் நிறைவு காண்பது. தில்லிச் சுவரில் உள்ளோர் களத்தில் வீழ்ந்தவர் அல்லர்; தம் வீட்டு வாயிலில் நிராயுதபாணிகளாய்க் கொல்லப்பட்டவர். அவர்தம் பெயர்கள் புகழுக்காகப் பொறிக்கப்படவில்லை. மறுக்கப்பட்ட நீதிக்குச் சான்றாகப் பொறிக்கப்பட்டன. இவ்வகையில் அச்சுவர், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரியுண்டு மாண்ட 44 பேருக்காக எழுப்பப்பட்ட நினைவிடத்தோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் நீதிமன்றம் தராத ஒன்றை ஆண்டுதோறும் கூடும் மக்களின் நினைவு ஈடுசெய்ய முயல்கிறது. இரு நிகழ்வுகளிலும் இறந்தோர் எளிய உழைப்பாளிகள் என்பதும், அவர்தம் நினைவைக் காத்தோர் அரசினர் அல்லர் என்பதும் ஒற்றுமைகளாம்.

நீதிமன்றத்தில் நினைவு

பொதுநினைவு நீதிமன்றத்தை எவ்வாறு சென்றடைகிறது என்பதற்கு, பாலம் பகுதி ராஜ் நகரில் ஐவர் கொல்லப்பட்ட வழக்கு தக்க சான்றாகும். நானாவதி ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் இவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை ஏற்றது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சஜ்ஜன் குமாரை 2013 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. முதன்மைச் சாட்சியான பெண் தொடக்ககால வாக்குமூலங்களில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை என்பது காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. 2018 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் ஆகியோரைக் கொண்ட தில்லி உயர்நீதிமன்ற அமர்வு அவ்விடுதலையை நீக்கி, அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அரசியல் செல்வாக்குடையோரை எதிர்த்துப் பேசும் நிலை அன்றைய சாட்சிகளுக்கு இல்லை என்பதை அமர்வு கருத்திற்கொண்டது. தன் கணவனையும் மகனையும் உறவினரையும் இழந்த ஒரு பெண்ணின் நினைவு, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது.

அத்தீர்ப்பு மற்றொரு வகையிலும் சிறப்புடையது. மானுடத்திற்கு எதிரான குற்றம், இனப்படுகொலை ஆகியவை இந்தியக் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றங்களாக இடம்பெறாமை ஒரு குறை என்று அது சுட்டிக்காட்டியது. 1947 பிரிவினைக் கால வன்முறையில் தொடங்கி, 1993 மும்பை, 2002 குஜராத், 2008 கந்தமால், 2013 முசாபர்நகர் ஆகியவற்றோடு 1984ஐ ஒரே வரிசையில் வைத்து நோக்கியது. நீதிமன்றமே ஒரு பட்டியலைத் தொகுத்தது எனலாம். தந்தையும் மகனுமாகிய இருவர் சரஸ்வதி விஹார் பகுதியில் கொல்லப்பட்ட மற்றொரு வழக்கில், 2025 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் அதே முன்னாள் உறுப்பினருக்கு இன்னோர் ஆயுள் தண்டனையை விதித்தது.

2020 பிப்ரவரி இறுதியில் வடகிழக்குத் தில்லியில் மீண்டும் வன்முறை மூண்டு 53 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவ்வன்முறையின்போது, பிப்ரவரி 26 அன்று, நீதிபதி முரளிதர் தலைமையிலான அமர்வு, இந்நகரில் மற்றுமோர் 1984 நிகழ இடந்தரலாகாது என்று கூறியது. அவ்வாண்டு எண் அங்கு விளக்கமின்றியே ஓர் எச்சரிக்கையாகப் பயன்பட்டது. தில்லியின் பொதுநினைவில் 1984 எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கும், அந்நினைவு மட்டும் வன்முறையைத் தடுத்துவிடவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

முதலாவது, பட்டியல் என்பது நடுநிலையான ஆவணமன்று. வாக்குரிமைக்காகத் தொகுக்கப்பட்டது கொலைக்குப் பயன்பட்டது. குற்றத்தை நிறுவ எழுதப்பட வேண்டியது குற்றத்தை மறைக்கப் பயன்பட்டது. ஆகவே கலவர வரலாற்றை ஆராய்வோர் பட்டியலில் உள்ள செய்தியோடு, அப்பட்டியல் உருவான முறையையும் ஆராய வேண்டும்.

இரண்டாவது, 1984இன் பொதுநினைவு அரசால் பேணப்பட்டதன்று. நிவாரண முகாம்களில் பெயர்களைக் குறித்த குடிமக்களாலும், ஒளிப்படங்களைப் பாதுகாத்த கைம்பெண்களாலும், சாட்சிக்கூண்டில் மீண்டும் மீண்டும் நின்றவர்களாலும் அது காக்கப்பட்டது. பிந்திய தீர்ப்புகள் இப்பதிவுகளின்றி இயன்றிரா.

மூன்றாவது, பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள், அடையாளம் தெரியாது எரிந்துபோனோர், அண்டை வீட்டாரைக் காத்தோர் ஆகிய மூவகையினரும் எப்பட்டியலிலும் நிறைவாக இடம்பெறவில்லை. உயிர் பிழைத்த தலைமுறை மறைந்துவரும் இந்நாளில், அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். ஆணையங்களின்முன் அளிக்கப்பட்ட பிரமாணப் பத்திரங்கள் ஆய்வாளர்க்குத் தடையின்றிக் கிடைக்க வழிசெய்தலும் அதனோடு சேர்ந்ததே.

இத்தேவை தில்லிக்கு மட்டும் உரியதன்று. 1957 முதுகுளத்தூர், 1968 கீழ்வெண்மணி முதலிய தமிழக நிகழ்வுகள் பற்றிய நம் ஆய்வுகளிலும், அரசியல் விளக்கங்கள் மிகுந்து பெயர்கள் அருகியே காணப்படுகின்றன. இறந்தோர் யார், எத்தெருவினர், எத்தொழிலினர், அவர்தம் குடும்பத்தார் பின்னர் என்னவாயினர் என்னும் செய்திகளை ஊர்தோறும் சென்று தொகுக்கும் பணி, தமிழ் ஆய்வுத்துறைகள் மேற்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.